வீட்டு ஆள்

சத்தம் இன்னும் வரவில்லை.

கோடிங் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று சுவர்க்கடிகாரம் சொன்னால்தான் உண்டு. குழல்விளக்கு வெளிச்சத்தில் மனிதர்கள் எல்லோரும் கொஞ்சம் செத்தவர்களாகத் தெரிவார்கள். அறைக்கு நேர் மேலே அறுவை அரங்கு. அங்கே ஒரு சர்ஜன் உண்டு; அவருக்கு ஆபரேஷன் இருக்கும் நாளெல்லாம் கூரையிலிருந்து ஒரு சத்தம் இறங்கும். தொம், தொம் என்று தொடங்கும், சீராக இருக்காது, சில சமயம் இரண்டு சேர்ந்தாற்போல் விழும், சில சமயம் படபடவென்று அடிக்கும், அப்புறம் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும். பம்ப் ஓடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

தங்கையை அரங்குக்குள் கொண்டுபோய் வெகுநேரம் ஆகிவிட்டது. பம்ப் ஓடவில்லை. பெரியவளுக்கு அதுதான் உறுத்தியது.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான், பெரியவள், சின்னவள். அம்மா அப்பா போனபிறகு ஒருத்திக்கு ஒருத்தி. சின்னவளுக்கு விலாவுக்குக் கீழே வலது பக்கம் வலி எடுத்து, அது முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறி, காய்ச்சலும் வாந்தியும் வந்தபோது, டாக்டர் சொல்வதற்கு முன்னால் பெரியவளே சொல்லிவிட்டாள், பித்தப்பை அழற்சி என்று.

"நீ என்னைக்காவது பித்தப்பையைப் பார்த்திருக்கியாக்கா?"

"பார்த்ததில்ல. ஆனா ஆயிரம் பேரோடதைப் படிச்சிருக்கேன்டி."

உண்மைதான். அவள் தொழில் படிப்பது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கேஸ் ஷீட் கணினி வழியாகக் கீழே வரும். டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணை, அவர்கள் பேச்சில் 'கோடு', போட வேண்டும். பித்தப்பை திடீரென்று வீங்கியிருந்தால் ஒரு எண். கல்லோடு வீங்கியிருந்தால் வேறொன்று. அழுகியிருந்தால், ஓட்டை விழுந்திருந்தால், அதற்கெல்லாம் தனித்தனி. டாக்டர் மொட்டையாக 'வயிற்று வலி' என்று எழுதிவிட்டுத் தப்பிக்க நினைத்தால் நடக்காது. கேள்வி அனுப்பிப் பிடித்துவிடுவாள். டாக்டர்களெல்லாம் சேர்ந்து அவளுக்கு டீச்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். மரியாதைக்கு வைத்ததா, வயிற்றெரிச்சலில் வைத்ததா என்பதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

தங்கைக்கு இந்தச் சர்ஜனைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். மற்ற சர்ஜன்களின் குறிப்புகளில் எங்காவது ஒரு ரத்தப்போக்கு இருக்கும், ஒரு சீழ் இருக்கும். இவருடையது துடைத்துவைத்த கண்ணாடி. 'சிக்கல் ஏதுமில்லை. நோயாளி நன்றாக ஒத்துழைத்தார்.' எந்தக் கேஸைத் திறந்தாலும் இதே முடிவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஏட்டிலேயே குடியிருப்பவளுக்கு அதை யார் சொல்வது?

காலையில் தள்ளுபடுக்கையில் படுத்திருந்த சின்னவள் அக்காவின் புடவை முந்தானையை விடவேயில்லை.

"தழும்பு பெருசா இருக்குமாக்கா?"

"உள்ளங்கை நீளம் இருக்கும். அவர் பழைய ஆளு. துளை போட்டு, கேமரா விட்டுன்னு எல்லாம் பண்ண மாட்டாரு. திறந்துதான்."

"எனக்குத் தெரியாதுல்ல? தூங்கிடுவேன்ல?"

"நீயா? வீட்டுல இடியே விழுந்தாலும் எந்திரிக்காத ஜென்மம். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்டி குட்டி. நான் இருக்கேன்ல?"

சின்னவள் சிரித்தாள். சிரித்ததில் வலித்து முகம் சுளித்தாள். அரங்கின் கதவைத் திறந்த நர்ஸ் பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டு ஆள் நீங்கதானே? எங்கயும் போயிடாதீங்க. நடுவுல தேவைப்படும்."

ரத்தம் கொடுக்கவோ, கையெழுத்துப் போடவோ இருக்கும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். "நான் இங்கதான் வேலை பார்க்கிறேன். கீழ ரூம்ல."

"தெரியும் டீச்சர்," என்றாள் நர்ஸ்.

கதவு மூடிக்கொண்டது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் அவளால் உட்கார முடியவில்லை. காத்திருப்பவர்களின் கைபட்டுச் சாயம் போன அந்த பெஞ்சின் விளிம்பெல்லாம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும், கையாவது வேலை செய்யட்டும் என்று கீழே இறங்கி வந்துவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவனுக்கு அறையில் தூங்குமூஞ்சி என்று பேர். பேருக்குப் பங்கம் வராமல் நடந்துகொள்பவன். அவளைக் கண்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"தங்கச்சி உள்ள இருக்கும்போது இங்க என்ன டீச்சர் வேலை? எந்தக் கேஸும் ஓடிப் போயிடாது."

"ஓடாதுப்பா. நான்தான் ஓடி வந்துட்டேன்."

வரிசையில் அடுத்திருந்த கேஸைத் திறந்தாள். அதுவும் கடும் பித்தப்பை அழற்சி, அதே சர்ஜன். நோயாளி ஒரு லாரி ஓட்டுநர், நல்ல திடமான ஆள். பார்த்ததும் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இந்த மனிதர் போன வாரம் இதே மேஜையில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார், சின்னவளும் போவாள். ஆபரேஷன் குறிப்பு வழக்கம்போல் தெள்ளத்தெளிவு. எங்கே கீறினார், எதைக் கட்டினார், எதை வெட்டினார், எல்லாம் இருந்தது.

மயக்கத் தாள்தான் இல்லை.

மயக்க மருந்து கொடுப்பவர் நிரப்பும் தாள் அது. என்ன மருந்து, எப்போது கொடுத்தது, நாடி எப்படி, எப்போது கண் விழித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தச் சர்ஜனின் கேஸ்களில் அது எப்போதுமே இருக்காது. ஒவ்வொரு தடவையும் அவள் கேள்வி அனுப்புவாள். ஒவ்வொரு தடவையும் பதில் வரும்: 'நோயாளி நன்றாக ஒத்துழைத்தார்.' சோம்பேறி, ஒரே வரியை வெட்டி ஒட்டுகிறார் என்று திட்டிக்கொண்டே கேஸை மூடுவாள். எழுதாதது நடக்காதது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். சுவரிலேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் அதை யார் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்? உப்புப் போட்டதை யாரும் எழுதிவைப்பதில்லை. அதற்காக உப்பில்லாமலா சமைக்கிறார்கள்?

மௌஸை நகர்த்தியவள் நின்றாள். கண் விழித்ததும் சின்னவளுக்கு வலிக்குமா? தண்ணீர் குடிக்கலாமா? சர்ஜன் இதையெல்லாம் எழுத மாட்டார். நர்ஸ்கள்தான் எழுதுவார்கள். நர்ஸ் குறிப்பு என்று ஒரு பகுதி திரையின் ஓரத்தில் எப்போதும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் திறந்ததில்லை. நர்ஸ் எழுதியதை வைத்துக் கோடு போடக்கூடாது, டாக்டர் எழுதியது மட்டும்தான் செல்லும் என்பது இரண்டாவது பாடம். செல்லாததை எதற்குப் படிப்பது?

இன்று திறந்தாள்.

'அரங்கிலிருந்து வார்டுக்கு வந்தார். விழித்திருக்கிறார். இரு மணிக்கட்டிலும் பட்டை பட்டையாக ரத்தக்கட்டு. இரு குதிகாலிலும் தோல் கிழிந்து எலும்பு தெரிகிறது. கட்டுப் போடப்பட்டது.'

அவள் இன்னொரு முறை படித்தாள். குதிகாலா? பித்தப்பைக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம்?

'கடைவாய்ப் பற்கள் உடைந்துள்ளன. வாயிலிருந்து துணி நூல் எடுக்கப்பட்டது. பேசுவதில்லை.'

'மாலை. பேசுவதில்லை. மகன் அருகில் வந்தால் உடல் நடுங்குகிறது, சிறுநீர் பிரிகிறது. மகனை வெளியே நிற்கச் சொன்னோம். மகனும் பேசுவதில்லை.'

அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பெரியவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. அடுத்த கேஸைத் திறந்தாள். போன மாதம் அவளே முடித்து அனுப்பியது. தையல்காரப் பெண், அதே நோய், அதே சர்ஜன். 'இடது தோள் மூட்டு நழுவியுள்ளது. நாக்கில் ஆழமான பல் தடம். கணவர் தொட்டால் சுவரோரம் ஒதுங்குகிறார். கணவர் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே நிற்கிறார். போகச் சொன்னாலும் போகவில்லை.'

இன்னொன்று. ஒரு கிழவர். 'மணிக்கட்டு எலும்பு முறிவு.' இன்னொன்று. கல்லூரிக்குப் போகும் பெண். 'தலைமுடி கொத்தாகப் பிடுங்கப்பட்டுள்ளது. அம்மாவைப் பார்க்க மறுக்கிறார்.'

எல்லாம் இங்கேயே இருந்திருக்கிறது. ஒரு சொடுக்குத் தூரத்தில். யாரோ ஒரு நர்ஸ், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேறு வழியில்லாமல், படிக்கமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் ஷிப்ட் ஷிப்டாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். டீச்சர் என்று பேர் வாங்கியவள், கமாவைக் கூட விடாதவள், ஒன்றையும் படிக்காமல் கோடு போட்டு அனுப்பியிருக்கிறாள். 'சிக்கல் ஏதுமில்லை.'

எழுதாதது நடக்காதது.

மயக்கத் தாள் இல்லை. எந்தக் கேஸிலும் இல்லை.

தொம்.

அவள் தலையை உயர்த்தினாள்.

தொம். தொம்.

தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டான். "அப்பாடா, பம்ப் ஓட ஆரம்பிச்சிருச்சு. தங்கச்சி கேஸ் தொடங்கியாச்சுபோல டீச்சர்."

"பம்ப்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு."

அவளுக்கு யார் சொன்னார்கள்? நினைவில்லை. தொம், தொம், தொம். கூரையைப் பார்த்தபடி எழுந்தாள். குதிகால். இரும்பு மேஜையில் மனிதக் குதிகால். இரண்டும் சேர்ந்து விழுந்தன. படபடவென்று விழுந்தன.

"ஐயோ குட்டி!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் என்ன கேட்டான் என்பது காதில் விழவில்லை. லிப்ட் எங்கோ மேலே நின்றிருந்தது. பொத்தானை அடித்தாள், அடித்தாள், விட்டுவிட்டுப் படியில் ஓடினாள். படிக்கட்டுச் சுவருக்குள் சத்தம் கூடவே ஏறி வந்தது. முதல் திருப்பத்தில் தொம் என்றிருந்தது. இரண்டாவது திருப்பத்தில் அதற்கு ஒரு நடுக்கம் இருந்தது. மேல்தளத்துக் கதவைத் தள்ளியபோது, அடிக்கும் அடிக்கும் நடுவில் இன்னொன்றும் கேட்டது. துணிக்கு அடியிலிருந்து வரும் குரல். தடித்த, நனைந்த, நீளமான குரல். கன்றுக்குட்டி கத்துகிறது என்று தெரியாதவர் சொல்லக்கூடும். அவளுக்குத் தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து கேட்ட குரல்.

அரங்கின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நர்ஸ் கையில் பச்சை அங்கியோடு நின்றாள்.

"வந்துட்டீங்களா? இப்பத்தான் ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்."

பெரியவள் அவளை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

முதலில் வெளிச்சம். அப்புறம் வாடை. ஸ்பிரிட், மூத்திரம், துருப்பிடித்த இரும்பின் வாடை. மூலையில் மயக்க மருந்து இயந்திரம். பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தது. உறைமேல் தூசி. தூசிமேல் கையுறைப் பெட்டிகள்.

நடுவில் மேஜை. மேஜையில் சின்னவள்.

தோல்பட்டைகள். மணிக்கட்டில், கணுக்காலில், நெற்றியில். வாய் நிறையத் துணி. வலது விலாவுக்குக் கீழே தோல் இரண்டாகப் பிரிந்து, கொக்கி போட்டு இழுத்துக் கட்டப்பட்டு, உள்ளே எல்லாம் ஈரமாக மின்னியது. கால்மாட்டில் இரண்டு வார்டு பாய்கள், ஆளுக்கொரு முழங்காலைப் பிடித்திருந்தார்கள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். குதிகால்கள் மேஜையில் அடித்தன.

சின்னவள் முழுக்க விழித்திருந்தாள்.

சர்ஜன் நிமிரவில்லை. குள்ளமான, மென்மையான மனிதர். காலரில் ஒரு சின்ன மைக். அதனிடம் பேசிக்கொண்டே வெட்டினார்.

"பித்தப்பை நன்கு வீங்கி, சிவந்து, கல்லீரலோடு ஒட்டியுள்ளது. கடும் அழற்சி. கல் இல்லை. அழுகல் இல்லை. ஓட்டை இல்லை." அப்புறம் அதே குரலில்: "கேட்டுக்கங்க டீச்சர். இந்தத் தடவை ஒண்ணும் விடல."

"மயக்க மருந்து குடுங்க! பாவி, மருந்து குடுய்யா!"

"இங்க அது கிடையாதும்மா." கேன்டீனில் சாப்பாடு தீர்ந்துபோனதைச் சொல்லும் குரல். "எல்லாரும் முதல்ல கத்துவாங்க. அப்புறம் பிடிப்பாங்க."

பெரியவள் பாய்ந்தாள். அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கையிலிருந்த கிடுக்கி எதிலோ மாட்டி, நழுவி, தரையில் விழுந்து கணீரென்றது. சின்னவளின் உடம்பு வில்லாக வளைந்தது. உள்ளேயிருந்து ரத்தம் பீய்ச்சியது. பெரியவளின் கண்ணில், வாயில், சூடாக. அவள் நாக்கில் தங்கையின் ரத்தம் உப்புக் கரித்தது.

"பார்த்தீங்களா," என்றார் சர்ஜன். அவர் விரல் உள்ளே எதையோ அழுத்திப் பிடித்திருந்தது. பீய்ச்சல் நின்றது. "தமனி அறுந்துபோச்சு. என் விரல்தான் இப்ப அடைச்சிட்டு இருக்கு. இவங்க அசைஞ்சா நழுவிடும். நழுவினா அவ்வளவுதான்."

"டாக்டர்... வேற டாக்டரைக் கூப்பிடுங்க..."

"வர்ற வரைக்கும் தாங்காது."

பட்டென்று ஒரு சத்தம். வலது மணிக்கட்டுத் தோல்பட்டை அறுந்தது. சின்னவளின் கை விடுபட்டு, காற்றைப் பிடித்தது, கொக்கியைப் பிடித்தது, தன் வயிற்றின் ஓரத்தைத் தானே பிடித்துப் பிய்த்தது. கால்மாட்டுக்காரர்கள் திணறினார்கள். சர்ஜனின் முகத்தில் முதல்முறையாக வியர்வை.

"பிடிங்க டீச்சர். அந்தக் கையை. தோளை. மத்தவங்க பிடிச்சாத் திமிறுவாங்க. வீட்டு ஆள் பிடிச்சாத்தான் அடங்குவாங்க."

"முடியாது... என்னால..."

"அப்ப நான் விரலை எடுத்துர்றேன்."

ரத்தம் அவர் விரலைச் சுற்றிக் கசிந்தது. மேஜை விளிம்பில் வழிந்தது. சொட்டியது. சின்னவளின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

வேறு வழி? இல்லை. யோசி. இல்லை. கடவுளே. இல்லை.

பெரியவள் பிடித்தாள்.

கையை மடக்கி மேஜையோடு அழுத்தினாள். முழங்கையைத் தோளில் ஊன்றினாள். தங்கையின் முகம் அவள் முகத்துக்கு நேர் கீழே, மூச்சுக் காற்று படும் தூரத்தில். துணி வாயிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து அந்தக் குரல் பிதுங்கியது. ஒவ்வொரு கத்தலுக்கும் வயிறு துள்ளியது. சர்ஜன் அவளைப் பார்த்தார். பெரியவள் துணியைத் திரும்ப உள்ளே தள்ளினாள். கட்டைவிரலால். ஆழமாக.

"அசையாதடி கண்ணு. அசையாத. அக்கா இருக்கேன்ல. அக்காதான்டி."

அப்போதுதான் சின்னவளின் கண் அவளைக் கண்டுகொண்டது. இதுவரை விளக்கைப் பார்த்துச் சுழன்ற கண் நின்றது. அக்கா. அக்கா வந்துவிட்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. குதிகால்கள் ஓய்ந்தன. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, அக்காவின் கைக்குள் அடங்கின. பயந்த குழந்தை கூட்டத்தில் கை கிடைத்ததும் அடங்குவது வழக்கம்தான். இனி ஒன்றும் நடக்காது என்று நம்பியவளாய், உடம்பு மொத்தத்தையும் தளர்த்திக்கொண்டு சின்னவள் அசையாமல் கிடந்தாள்.

"நோயாளி," என்றார் சர்ஜன் மைக்கிடம், "நன்றாக ஒத்துழைத்தார்."

கத்தரிக்கோலை எடுத்தார். கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டார்.

சின்னவளின் கண்கள் விரிந்தன, இன்னும் விரிந்தன, அக்காவின் முகத்தை விட்டு நகராமல்; பெரியவள் தன் முழு எடையையும் அவள்மேல் இறக்கினாள்.